வண்டி விலையும் மனச்சாட்சியும்



புதிதாக வாங்கிய காரையோ மோட்டார் சைக்கிளையோ மந்திரித்துத் தரும்படி கோயில் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவது நம்மிடையே நல்ல வழக்கம். சிறுசேரி சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவில் உத்தியோகம் பார்க்கும் வாலிபர் கார் கொண்டு வருகிறார். அதே பூங்காவில் காவல் வேலையும் துப்புரவு வேலையும் செய்கிறவர்களின் பிள்ளைகள் தவணைக் கடனில் எடுத்த இருசக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். தீர்த்தம் தெளித்து ஜெபம் முடிந்ததும் முதலில் எழும் பேச்சு பெரும்பாலும் விலையைப் பற்றியதுதான். இருபதாயிரம் குறைத்தேன் என்பார் ஒருவர். முப்பதாயிரம் குறைத்ததோடு இருக்கை உறையும் இனாமாக வாங்கினேன் என்பார் இன்னொருவர். பக்கத்தில் நிற்கும் மூன்றாமவர், கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்த தம் நிலையை எண்ணி முகம் வாடிப்போவார்.

பேரம் பேசுவது பாவமா, சுவாமி, என்று கேட்டவர்கள் உண்டு. வேடிக்கைக்குக் கேட்டவர்களை விட்டுவிடுவோம். வாய்க்கு வந்ததைச் சொல்லி விலையைக் குறைத்துவிட்டு, பிறகு மனச்சாட்சி உறுத்தக் கேட்டவர்களும் உண்டு. அவர்களை முன்னிட்டே இதை எழுதுகிறேன்.

பேரம் பாவமன்று. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ம் நூற்றாண்டில் எழுதிய தமது பெரிய வேதசாஸ்திரத் தொகுப்பில், வாங்குவதிலும் விற்பதிலும் நேரும் மோசடியைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மேலாக விற்பதும், மதிப்புக்குக் கீழாக வாங்குவதும் தம்மளவில் அநீதி என்பது அவர் தீர்ப்பு. விற்பவரை மட்டுமல்ல, வாங்குபவரையும் சேர்த்தே அவர் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் உடனே ஒன்றைத் தெளிவுபடுத்துகிறார். நியாய விலை என்பது ஊசிமுனை போன்ற ஒரு புள்ளி அன்று. அது மனிதர் செய்யும் ஒரு மதிப்பீடு. ஆகையால் சற்றே ஏறினாலும் சற்றே இறங்கினாலும் நீதி கெட்டுப்போகாது. அவருக்குப் பின்வந்த வேதசாஸ்திரிகள் இதை விரித்து, நியாய விலைக்குள்ளேயே மேல்விலை, நடுவிலை, கீழ்விலை என மூன்று படிகள் உண்டென்று கற்பித்தார்கள். மேல்படியில் நிற்பவர் விற்பவர்; கீழ்படியில் நிற்பவர் வாங்குபவர். இருவரும் ஏதோ ஒரு படியில் சந்திக்கிறார்கள். இதில் குற்றமென்ன?

நம் நாட்டில் கார் வாங்குபவர் இப்படிப் படியேறி இறங்கத் தொடங்கியதே சமீப காலத்தில்தான். 1960-களில் கார் என்றால் அம்பாசிடர், பியட், நம் வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவ்வளவுதான். விலை அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டருக்காகப் பத்து வருஷம் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. வரிசையில் முந்தி நின்றவர் தம் முறையையே மேல்விலைக்கு விற்றுக் காசாக்கியதும் உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் ஜனங்கள் முன்பணம் கட்டி முறைக்காகக் காத்துக் கிடந்தார்களே தவிர, விலையைக் குறை என்று எவரும் கேட்கவில்லை. 1991-க்குப் பின் கதவு திறந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ புறப்பட்டது. வண்டலூர் ஸ்டாண்டர்டு கம்பெனி அதற்கு முன்பே மூடியாயிற்று. இப்போது தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை பெருஞ்சாலையின் இரு பக்கமும் ஷோரூம்கள் கண்ணாடி மாளிகைகளாக நிற்கின்றன. வாங்குபவர் ராஜாவாகிவிட்டார் என்கிறார்கள். எல்லாரும் ராஜாவாகிவிட்டார்களா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில், பேரத்துக்கு இடமுள்ளது எது, இல்லாதது எது என்று தெரிந்துகொள்வது நலம். தெரியாமையே பாதி மனக்கசப்புக்குக் காரணம். எக்ஸ் ஷோரூம் விலை என்பது கம்பெனி குறித்த விலை, ஜி.எஸ்.டி. அதற்குள் அடக்கம். அதன்மேல் மாநில அரசாங்கத்தின் ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்தால் ஆன் ரோடு விலை. ஆயுட்கால வரியைத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தினார்கள். அதில் ஒரு ரூபாய் குறைக்கவும் ஷோரூம்காரருக்கு அதிகாரம் கிடையாது. அதைக் குறைக்கச் சொல்லி அவரிடம் மல்லுக்கு நிற்பது வீண். 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு அவர் பிடிக்கும் 1 சதவீதமும் அவருக்குச் சேருவதன்று. வருமான வரிக் கணக்கில் நீங்கள் ஈடு செய்துகொள்ளக் கூடியது.

அதேபோல 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சிறிய கார்களுக்கும் 350 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இப்படி வரி குறைவதைத் தம் சொந்தத் தாராளம்போலச் சொல்லித் தள்ளுபடிக் கணக்கில் சேர்க்கிற விற்பனையாளர் ஒருவர் இருந்தால், அவர் எட்டாம் கற்பனையை மீறுகிறார்.

பேரத்துக்கு உண்மையாக இடமுள்ளவை வேறு. ஷோரூமின் இலாபத்திலிருந்து விடும் தள்ளுபடி ஒன்று. பழைய வண்டிக்குப் போடும் மதிப்பு ஒன்று. கேட்காமலே சேர்க்கப்படும் துணைப்பொருள்கள், நீட்டித்த உத்தரவாதம், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி. இவை சட்டம் விதித்தவையல்ல, எதற்காக என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டுமென்ற கட்டாயம் கிடையாது. 2017-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வாகன விற்பனையாளர்களுக்கென்றே விதிகளை வகுத்திருக்கிறது. இருசக்கர வண்டியோடு தலைக்கவசமும் தர வேண்டுமென்பது 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அதைப் பெரிய இனாமாகக் கொண்டாட வேண்டியதில்லை. டிசம்பர் மாதத்தில் வாங்கினால் விலை இறங்கும் என்பதும் கபடமன்று. வருஷம் மாறினால் அதே வண்டி போன வருஷத்து வண்டியாகிவிடும். அதனால் விற்பவர் இறங்கி வருகிறார். வாங்குபவரும் மறுபடி விற்கும்போது ஒரு வருஷத்து மதிப்பை இழக்கிறார். கணக்கு நேர்.

நிற்க. பாவம் எங்கே நுழைகிறது? சீராக் ஆகமம் இதற்கு ஓர் அழகான உவமை காட்டுகிறது: இரு கற்களின் இடுக்கில் முளை செருகிக்கொள்வதுபோல, வாங்குவதற்கும் விற்பதற்கும் நடுவே பாவம் செருகிக்கொள்கிறதாம். பழமொழி ஆகமமோ வாங்குபவனையே படம்பிடித்துக் காட்டுகிறது. பொருள் மட்டம், மட்டம் என்று பழித்துக்கொண்டே வாங்கி, தெருமுனை திரும்பியதும் பெருமையடித்துக்கொள்கிறவன் அவன். மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய கடைத்தெரு நம் கடைத்தெருவாகவே இருக்கிறது.

ஷோரூமில் வழங்கும் பொய்களில் மிகச் சாதாரணமானது, பக்கத்துக் கடையில் இதைவிட 25 ஆயிரம் குறைவாகத் தருகிறார்கள் என்பது. உண்மையாகவே எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தாராளமாகக் காட்டலாம். எழுதிக் கொடுக்காதபோது சொன்னால் அது பொய். பேரத்தில் இதெல்லாம் சகஜம், அவருந்தான் இந்தச் சலுகை இன்று மாலையோடு முடிகிறது என்று பொய் சொல்லுகிறார் என்று சிலர் வாதிப்பார்கள். இந்த வாதத்தில் பாதி மெய் உண்டு. அதைப் பிரித்தெடுக்க வேண்டும். விற்பவர் முதலில் சொல்லும் விலை கடைசி விலையன்று என்பது இருவருக்கும் தெரியும். நீங்கள் முதலில் கேட்கும் விலையும் அப்படியே. அதில் ஒருவரும் ஏமாறுவதில்லை; ஆகையால் அது பொய்யாகாது. ஆனால் இன்ன கடையில் இன்ன விலை சொன்னார்கள் என்பது நடந்த சங்கதியைப் பற்றிய சாட்சி. கேட்பவர் நம்ப வேண்டுமென்றே சொல்லப்படுவது. நம்பித்தான் அவர் விலையைக் குறைக்கிறார். அப்படிக் கிடைத்த பணம் எவ்விதம் கிடைத்ததென்று யோசியுங்கள்.

வாயால் ஒன்றைச் சொல்லி, மனதுக்குள் வேறொன்றைச் சேர்த்துக்கொண்டால் பொய்யாகாது என்று முற்காலத்தில் சிலர் சாமர்த்தியமாகப் போதித்தார்கள். 1679-ல் 11-ம் இன்னொசெந்து பாப்பரசர் அந்தப் போதனையைக் கண்டித்து மூடிவிட்டார். ஆகையால் பக்கத்துக் கடை என்று சொல்லி, மனதுக்குள் கனவிலே கண்ட கடை என்று சேர்த்துக்கொள்ளும் வழி நமக்கு இல்லை.

மௌனம் வேறு. நான் எவ்வளவு வரை கொடுக்கத் தயார் என்பதை விற்பவரிடம் சொல்லும் கடமை எனக்கில்லை. இவ்வளவுக்குத் தந்தால் இன்றைக்கே பணம் கட்டுகிறேன் என்று மெய்யாகவே சொல்லிவிட்டு, அவர் மறுத்தால் எழுந்து போவது நேர்மையான பேரம். அனுபவத்தில் அதுவே பலிக்கிற பேரமும்கூட.

இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டில் தோன்றிய குவேக்கர் சபையார், நம் திருச்சபையைச் சேராதவர்களாயினும், இவ்விஷயத்தில் நம்மை நாணச் செய்யும்படி நடந்துகொண்டார்கள். வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் விலைக்கு மேலாக ஒரு விலையைக் கேட்பதே பொய் என்று கருதி, தங்கள் கடைகளில் ஒரே விலை வைத்தார்கள். நட்டப்படுவார்கள் என்று ஊரார் நினைத்தார்கள். சிறு பிள்ளையை அனுப்பினாலும் ஏமாறாமல் வாங்கலாம் என்ற பெயர் பரவி, வியாபாரம் பெருகியது. அவ்வளவு தூரம் போகும்படி நம் வேதசாஸ்திரிகள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தச் சிறு பிள்ளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் பழைய வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் புதுவண்டி வாங்கப்போகும் நம்மில் பலர் அதே மேசையில் பழைய வண்டியை விற்கிறவர்களாகவும் இருக்கிறோம். ஒரே நிமிஷத்தில் வாங்குபவரின் நியாயம் பேசின வாய் விற்பவரின் நியாயத்துக்கு மாறிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கங்களில் கார்கள் கூரை வரை மூழ்கின. தண்ணீர் புகுந்த காரைக் காயவைத்து, மெத்தையை மாற்றி, வாசனைத் திரவியம் தெளித்துவிட்டால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மின்கம்பிகளுக்குள் அரிப்பு மட்டும் மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும். என்றோ ஓர் இரவு, குடும்பத்தோடு போகையில், நட்டநடுச் சாலையில் வண்டி நின்றுவிடும்.

அர்ச். தோமாஸ் இதற்குக் குதிரையை உதாரணம் காட்டுகிறார். ஒரு கண் குருடான குதிரையை விற்பவன், அக்குறை பார்த்தவுடன் தெரிவதாலும் விலையை அதற்கேற்பக் குறைத்திருப்பதாலும், வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. மறைந்திருக்கும் குறையோ, அதிலும் வாங்குபவருக்கு நட்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்கும் குறையோ, கேட்காவிட்டாலும் சொல்லியே தீர வேண்டும். கீறலும் நசுங்கலும் குருட்டுக் கண். வெள்ளம் புகுந்ததும், விபத்தில் சட்டம் வளைந்ததும், கிலோமீட்டர் முள்ளைப் பின்னால் திருப்பியதும் மறைந்த குறைகள். ஷோரூம்காரர் கண்டுபிடிக்கட்டும், அது அவர் தொழில், என்று சொல்லித் தப்ப முடியாது. அவர் கண்டுபிடிக்காவிட்டால் அந்த வண்டி அவரிடமே நிற்கப் போவதில்லை. முதல் முறையாகக் கார் வாங்கும் ஓர் ஏழைக் குடும்பத்திடம் போய்ச் சேரும். மறைத்து விற்றவருக்கு ஏழாம் கற்பனையின்படி ஈடு செய்யும் கடமை உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் மட்டும் அது தீர்ந்துபோகாது.

விற்பனை மேசையில் உட்கார்ந்திருக்கும் வாலிபரையும் நினைக்க வேண்டும். மாத டார்கெட் என்ற கத்தி அவர் தலைமேல் தொங்குகிறது. சில இடங்களில் தள்ளுபடியின் ஒரு பங்கு அவருடைய ஊக்கத்தொகையிலேயே கழிந்துவிடுகிறது. வாங்கும் எண்ணமே இல்லாமல் மூன்று மணி நேரம் அவரை உழைக்க வைத்து, கேளம்பாக்கம் வரை வண்டியை ஓட்டிப் பார்த்து, விலைச்சீட்டும் எழுதி வாங்கி, அதை வேறு கடையில் காட்டுவதற்கென்றே எடுத்துப்போவது நீதிக்கு விரோதமா என்று வாதிக்கலாம். அன்புக்கு விரோதம் என்பதில் வாதமில்லை.

இனி, எல்லாரும் ராஜாவா என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் இயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிக்காகோ நகரத்துக் கார்க் கடைகளில் ஒரு சோதனை நடத்தி, 1991-ல் வெளியிட்டார். பலரைத் தேர்ந்து, ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி பேசப் பயிற்சி கொடுத்து அனுப்பினார். ஒரே கார், ஒரே பேரம். வெள்ளைக்கார ஆண்களிடம் கேட்ட இலாபத்தைவிட வெள்ளைக்காரப் பெண்களிடம் 40 சதவீதம் கூடுதலாகக் கேட்டார்கள். கறுப்பு இன ஆண்களிடம் இரு மடங்குக்கு மேல். கறுப்பு இனப் பெண்களிடம் மூன்று மடங்குக்கு மேல். அத்தனைக்கும் அந்நாட்டில் 1958-ம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் கம்பெனி விலை ஒட்டப்பட்டேயிருக்கிறது! அச்சிட்ட விலை எல்லாருக்கும் ஒன்று. பேரம் முடிந்த விலை ஆளுக்கு ஒன்று.

நம் ஊருக்கு வாருங்கள். கணினியில் பத்துக் கடை விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு நுழையும் உத்தியோகஸ்தரையும், தாழம்பூரிலிருந்து மகனுக்கு வண்டி எடுக்கத் தயங்கித் தயங்கி நுழையும் தாயையும் ஷோரூம் ஒரே கண்ணால் பார்க்கிறதா? அந்தத் தாய் வண்டியின் விலையையே கேட்பதில்லை. முன்பணம் எவ்வளவு, மாதம் எவ்வளவு என்ற இரண்டே கேள்விகள்தாம் கேட்கிறாள். உதாரணமாக 80,000 ரூபாய் கடன், 12 சதவீதப் பிளாட் வட்டி, மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 28,800, மாதத் தவணை சுமார் 3,022. பன்னிரண்டு சதவீதந்தானே என்று தோன்றும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போகையில் வட்டி மட்டும் முழு 80,000-க்கும் கடைசி வரை ஓடுகிறது. குறையும் அசலின்மேல் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 21 சதவீதம். உத்தியோகஸ்தர் காருக்கு வங்கியில் கட்டும் வட்டி இதில் பாதியைத் தொடுவதுகூட அரிது. அவர் முப்பதாயிரம் குறைத்தேன் என்று மகிழும் அதே கட்டடத்தில் அவள் இருபத்தெட்டாயிரத்து எண்ணூறுக்குக் கையெழுத்துப் போடுகிறாள்.

அவள் சம்மதித்துத்தானே கையெழுத்திட்டாள் என்பீர்கள். 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் எழுதிய தொழிலாளர் நிருபத்தில் இதற்கு விடை இருக்கிறது. தேவையாலும் பயத்தாலும் நெருக்கப்பட்டு ஒருவன் கொடுக்கும் சம்மதம் அநீதியை நீதியாக்கிவிடாது என்று கூலி விஷயத்தில் தீர்த்தார். 6-ம் சின்னப்பர் பாப்பரசர் 1967-ல் அதே நியாயத்தை நாடுகளின் வர்த்தகத்துக்கு விரித்தார். இரு தரப்பாரும் மிகவும் ஏற்றத்தாழ்வான நிலையில் இருக்கும்போது, சுயேச்சையான ஒப்பந்தம் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது என்றார். கூலிக்கும் கோதுமைக்கும் பொருந்துவது மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தாதா?

இந்த அநீதி கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசின உத்தியோகஸ்தரின் பாவம் என்று நான் சொல்லவில்லை. அவர் நியாய விலையின் கீழ்படியில் வாங்கினார். பொய் சொல்லாதவரை அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அவரிடம் ஒரு வித்தை இருக்கிறது. அதை முற்றத்தில் பெருமை பேசுவதற்கு மட்டும் உபயோகிக்கிறார் என்பதே என் குறை. ஆதியாகமத்தில் அபிரகாமைப் பாருங்கள். மனைவியை அடக்கம் செய்ய எபிரோனில் மக்பேலா குகையை வாங்கினபோது, நிலத்துக்காரன் 400 வெள்ளி என்றான். அபிரகாம் மறுபேச்சின்றி நிறுத்துக் கொடுத்தார். பேரம் பேசத் தெரியாதவரா? சோதோம் பட்டணத்துக்காகச் சர்வேசுரனிடமே ஐம்பது நீதிமான்களில் தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று பத்து வரை இறக்கினவர் அல்லவா அவர்! தமக்காகக் குறைக்கவில்லை, தம் உறவினன் ஒருவனைத் தவிர முன்பின் அறியாத அயலாருக்காகக் கூச்சமின்றி வாதாடினார்.

அர்ச். அகுஸ்தீன் ஒரு கூத்தாடியைப் பற்றி எழுதுகிறார். கூடியிருந்தவர்கள் எல்லாருடைய மனதிலும் உள்ளதைச் சொல்லுகிறேன் என்று அறிவித்து, நீங்கள் எல்லாரும் மலிவாய் வாங்கவும் விலையேற்றி விற்கவும் விரும்புகிறீர்கள் என்றானாம், கூட்டம் கைதட்டியது. எல்லாரும் அப்படி அல்ல என்கிறார் அகுஸ்தீன். விற்பவன் மதிப்புத் தெரியாமல் அற்ப விலை சொன்ன ஒரு புத்தகத்துக்கு, அவன் எதிர்பாராத வண்ணம் முழு விலையையும் எடுத்துக் கொடுத்த ஒருவரைத் தமக்குத் தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பூங்காவில் உத்தியோகம் பார்க்கிறவர்களே, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவரின் மகன் வண்டி எடுக்கப் போகும்போது ஒரு சனிக்கிழமை அவனோடு போங்கள். மாதம் எவ்வளவு என்பதற்கு முன் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பிளாட் வட்டியா, குறையும் அசலின்மேல் வட்டியா என்று கேளுங்கள். காப்பீட்டை வெளியில் விசாரித்துப் பாருங்கள். விலைச்சீட்டில் பெயர் விளங்காத ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேளுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே அந்த மேசையில் பேச்சின் தொனி மாறும். அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு வீடாகப் போகையில் இதையும் விசாரிப்பது நல்லது.

வண்டி எடுக்கவிருப்பவர்களே, கையெழுத்துப் போடும் முன் விலைச்சீட்டையும் கடன் தாளையும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இன்றே போடாவிட்டால் சலுகை போய்விடும் என்று சொன்னாலும் பயப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். வண்டியை மந்திரிக்க அடுத்த வாரம் கொண்டு வரலாம்.